சுவரைப் பார்த்த நாற்காலி

என் நாத்தனார் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். அங்கே நாற்காலி இருக்கும், சோபா இருக்கும். அவள் சுவரோரமாகப் போய், மேஜை முனையும் கதவு நிலையும் எட்டாத ஓர் இடமாகப் பார்த்து, காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள். "ஐயோ, கீழ உக்காராதீங்க, மேல உக்காருங்க" என்று அந்த வீட்டுக்காரர்கள் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். "இருக்கட்டுங்க, எனக்கு இதுதான் வசதி" என்பாள். அடக்கமான பெண் என்று அவளுக்குப் பேர்.

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் வேறு சிலதும் கண்ணில் பட்டன. குளியலறைக் கதவை அவள் சாத்துவாள், தாழ்ப்பாள் போடமாட்டாள். மாடிப்படியில் எப்போதும் சுவர்ப் பக்கமாகவே ஏறுவாள். கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி எவர்சில்வர் டம்ளரைத் தேடுவாள். இதெல்லாம் என்ன பழக்கம் என்று கேட்க எனக்குக் கூச்சம். புது மருமகள் கேட்கிற கேள்வியா அது?

ஒரு நாள் காலையில் சமையலறையில் அவள் விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை வந்தது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தார். சின்ன வயதிலிருந்து செய்து பழகிய கை. எல்லாம் அடங்கிய பிறகு என்னைப் பார்த்து, "மயக்கம். நேத்து சரியா சாப்பிடல. வெளிய சொல்லிக்க வேண்டாம்" என்றார்.

அந்த வீட்டில் அதற்கு மயக்கம் என்றுதான் பெயர். வலிப்பு என்ற வார்த்தையை அங்கே யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அவள் தரையில் உட்காருவதன் காரணம் எனக்குப் புரிந்தது. தரையில் இருப்பவளுக்கு விழ உயரம் கிடையாது.

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். தலையில் நரை விழுந்த பிறகும் அவள் பாப்பாதான். சிறு வயதில் வகுப்பறையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். பிறகு வேறு பள்ளி, வேறு தெரு. வயது வந்ததும் யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். துவைக்கப்போட்ட உறையோடு மாத்திரையும் போனது. அடுத்த வாரமே எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் விழுந்து கிடந்தபோது அங்கே யாரோ நல்லது செய்வதாக நினைத்துப் பற்களுக்கிடையில் கரண்டியைத் திணித்ததில் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அந்தப் பாதிப் பல்லோடு அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். அன்றிலிருந்து சிரித்தால் மேல் உதட்டை இழுத்து மூடிக்கொள்வாள்.

எங்கள் தெருமுனையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று இருந்தது. கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாள். என் மாமியாரும் இறந்துபோய், வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. கொஞ்ச காலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். அங்கேயும் தரைதான். பலகை ஒன்றைக் குட்டையாகப் போட்டு, அதன்மேல் திரையை வைத்துக்கொண்டாள். மிச்ச வேலையைச் செய்ய வீட்டிலும் அதே மாதிரி ஒரு பலகையும் பழைய கம்ப்யூட்டரும் போட்டுக்கொண்டாள். "எடிட்டர் அக்காவுக்கு முதுகுவலி, நாற்காலி ஆகாது" என்று ஸ்டூடியோ முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். அவரே அப்படித்தான் நம்பினார்.

வேலையைப் பற்றி வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். "கொட்டாவிய வெட்டணும், மூக்கு நோண்டுறத வெட்டணும், மாமனாரும் சம்பந்தியும் முறைச்சுக்கறத வெட்டணும். எல்லாத்தையும் வெட்டிட்டா மிச்சம் பந்திதான் அண்ணி. மூணு மணி நேரம் சாப்புடறதையே பாக்கணும்."

ஒரு தடவை அவள் சிரிக்காமல் வந்தாள். சாப்பிடவும் இல்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் விழும்போது நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன்."

"நான் பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன்."

ஏதோ ஒரு கல்யாணத்தில், பந்தியில், இளம்பெண் ஒருத்தி விழுந்திருக்கிறாள். கேமராக்காரர் நிறுத்த மறந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று பாப்பா சொன்னாள். ஒருத்தர் காலை அமுக்கினார், ஒருத்தர் முகத்தில் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் கரண்டியோடு ஓடி வந்தார். பின்வரிசையில் ஓர் ஆள் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்.

"எல்லாரும் அந்தப் பொண்ணப் பாத்தாங்க. நான் அந்த ஆளத்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன். பேயப் பாத்த மாதிரி ஓடுறார் அண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? முதலாளி வெட்டுன்னார். வெட்டிட்டேன். அந்தப் பொண்ணோட கஷ்டத்த நான் வச்சுக்கறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு?"

அந்த வாரம்தான் டாக்குமெண்டரி எடுக்கப்போவதாகச் சொன்னாள். வலிப்பு என்றால் என்ன, வந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது. டாக்டர் கொஞ்சம் பேசுவார். ஆனால் படம் முழுக்க வலிப்பு உள்ளவர்களே தங்கள் வாயால் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீயும் சொல்லுவியா?" என்றார்.

"நான் எடுக்கறவ, அண்ணே. எடுக்கறவ எதுக்குப் படத்துல வரணும்?"

அவருக்கு நிம்மதி. "அப்ப சரி" என்று எழுந்து போனார்.

ஆள் தேடி அவள் போனது நரம்பு டாக்டர் வீட்டுக்கூடத்துக்கு. மாதாமாதம் மாத்திரைக்கு அவள் போகிற அதே இடம். இப்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேச ஆரம்பித்தாள். "உங்களுக்கா?" என்று அவர்கள் கேட்டால், "இல்லைங்க, எங்க அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தேன்" என்பாள். என் மாமியார் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. செத்தவளுக்கு மாத்திரை வாங்குகிறாளே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பேச எல்லோருக்கும் ஆசை இருந்தது. முகத்தைக் காட்ட ஒருவருக்கும் தைரியம் இல்லை. பேக்கரியில் ரொட்டி போடுகிறவர் முடியாது என்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "பசங்க பாத்தா அப்புறம் நான் வகுப்புக்குப் போக முடியாதும்மா" என்றார். கடைசியில் பாப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நாற்காலி உண்டு. விடுமுறை நாளில் கடையைத் திறந்து, அந்த நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். உட்காருகிறவர் சுவரைப் பார்த்துப் பேசுவார். கேமரா பின்னாலிருந்து முதுகை மட்டும் எடுக்கும். குரலையும் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுவாள். ஊர்க் கல்யாணத்தில் இத்தனை பேர் குறையை மறைத்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு தையல்கார அம்மாவும் இருந்தாள். அவளைப் பற்றி மட்டும் பாப்பா அடிக்கடி பேசுவாள். பேர் சொல்லமாட்டாள், எங்கே வேலை என்றும் சொல்லமாட்டாள். அது பாப்பாவுக்கே தெரியாது. ஒரு தையல் கம்பெனி என்பதற்கு மேல் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை.

"'வெளிய தெரிஞ்சா என்னை மிஷின்ல உக்கார விடமாட்டாங்க'ன்னு மூணு தடவ சொன்னாங்க அண்ணி. யாருக்கும் தெரியாதுக்கா, நான் பொறுப்புன்னு கையில அடிச்சுக் குடுத்திருக்கேன்."

"என்ன பேசினாங்க?"

"அது மட்டும் கேக்காதீங்க. உங்களுக்குக்கூடக் காட்டமாட்டேன். சத்தியம்னா சத்தியம்தான்."

நான் பதினைந்து வயதிலிருந்து தையல் கம்பெனியில்தான் இருக்கிறேன். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கம்பெனிகள் தடுக்கி விழுந்தால் ஒன்று. அதனால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

எங்கள் கம்பெனி ஹாலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மிஷின்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையாகப் போட்டிருக்கும். சூப்பர்வைசர் முன்னால் நின்று பார்த்தால் எல்லார் முகமும் தெரியும். எங்களுக்கோ முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். பக்கத்து மிஷின்காரியிடம் பேசக்கூடாது, திரும்பக்கூடாது. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் நூல், ஊசி, எதிரே ஒரு முதுகு.

எனக்கு எதிரே இருந்த முதுகு காலர் அக்காவுடையது. சட்டைக்குக் காலர் வைப்பதுதான் அவள் வேலை, அதனால் அந்தப் பேர். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பின்னலை மடித்து ரவிக்கைக்குள் சொருகியிருப்பாள். பின்கழுத்தில் எண்ணெய் தெறித்த மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. அவள் கை ஒரு காலரை முடித்து அடுத்ததை எடுக்கும்போது அந்தத் தோள் ஒரு சின்னக் குலுங்கல் குலுங்கும். அதைப் பார்த்துத்தான் என் கை வேகம் பிடிக்கும்.

அவளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கயோ துணி கருகுதே, யாரு இஸ்திரிய வச்சிட்டு மறந்துட்டா?" என்பாள். இஸ்திரிப் பக்கத்துப் பெண்கள் அலறியடித்துக்கொண்டு பார்ப்பார்கள். சில சமயம் கருகியிருக்கும். பல சமயம் ஒன்றும் இருக்காது. "உங்க மூக்கு இருக்கே, தீயணைப்பு வண்டிக்காரன் கேட்டா கூட்டிட்டுப் போயிடுவான்" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பெடலை மிதிப்பாள்.

இந்த நிலையில் டாக்டர் பாப்பாவிடம் கேட்டார், ஏதோ ஒரு கூட்டத்தில் போட்டுக் காட்டக் கொஞ்சம் படம் கொடு என்று. உதவி செய்யக்கூடியவர்கள் வருவார்களாம். பாப்பா ராப்பகலாக உட்கார்ந்து சின்னதாக ஒரு துண்டு செய்தாள். பேக்கரிக்காரரின் முதுகு, வாத்தியாரின் முதுகு, தையல்கார அம்மாவின் முதுகு. யாருக்கும் அனுப்பக்கூடாது என்று சொல்லித்தான் டாக்டரின் போனுக்கு அனுப்பினாள். கூட்டத்தில் எல்லோரும் கண்கலங்கினார்களாம். கண்கலங்கிய யாரோ அதைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். நல்ல மனசோடுதான் எல்லோரும் அனுப்பினார்கள்.

எங்கள் ஹாலுக்கு அது ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் வந்தது. இஸ்திரி மேஜைப் பெண் ஒருத்தி, எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏய், இங்க வாங்கடி! இது யாரு முதுகுன்னு சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அட, நம்ம காலர் அக்கா! தோளப் பாரு, தழும்பப் பாரு. பின்னலக்கூட சொருகியிருக்கு."

"என்னக்கா இது, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நடிக்கப் போயிட்டீங்க?"

"ஹீரோயின் மூஞ்சியக் காட்டமாட்டாங்களாமா?"

"முதுகே இவ்ளோ அழகா இருந்தா மூஞ்சி எதுக்குடி?"

ஹாலே சிரித்தது. அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலர் அக்காவும், என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். "என்னங்கடி, என்னை வச்சு என்ன காமெடி?" என்று எழுந்து வந்தாள்.

வாயாடி சத்தத்தைக் கூட்டினாள். கம்ப்யூட்டர் மாற்றிய குரல், கட்டையாக, ஆண்பிள்ளைக் குரல் போல வந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் குரல் சொன்னது:

"எனக்கு வலிப்பு வர்றதுக்கு முன்னாடி துணி கருகுற வாசம் வரும். நான் வேலை செய்யற எடத்துல எப்பவும் இஸ்திரி போட்டுட்டுத்தான் இருப்பாங்க. அதனால நெசமாவே கருகுதா, எனக்கு வரப்போகுதான்னு தெரியாது. கால எடுத்துட்டு, கைய மடியில வச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கறவங்களக் கேப்பேன். கருகுதுன்னு சொல்லிட்டா அப்பாடான்னு இருக்கும்."

வாயாடி போனை அணைக்கத் தடுமாறினாள். அது இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் நின்றது. காலர் அக்கா கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். இத்தனை நாளில் அவள் முகத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

சூப்பர்வைசர் பல்லிடுக்கில் விசிலடித்துக்கொண்டேதான் வருவார், அதனால் எங்களுக்கு அவர் விசில். சாயந்திரத்துக்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் விசில் இல்லாமல் வந்தார்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா. நாளைக்கு ஊசியில கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

"மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க ஒரு தடவகூட வந்ததில்ல சார். வாசம்தான் வரும். அதுவும் எப்பவாவது."

"இனிமே வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

அப்படி யாரால் எழுதிக் கொடுக்கமுடியும்? அவளை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற மேஜையில் நிற்கவைத்தார். அங்கே இருந்தவர்கள் அவள் கையில் கத்தரிக்கோல் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தள்ளி நின்றார்கள். வாயாடிகூட சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து அழுதாளே தவிர உட்காரவில்லை. பிறகு கத்தரிக்கோலையும் வாங்கிக்கொண்டார்கள். மடித்த சட்டைகளை எண்ணி வைக்கும் வேலை. அந்த வாரக் கடைசியில் அவள் வரவில்லை. என் எதிரே ஒரு புதுப் பெண்ணின் முதுகு வந்து உட்கார்ந்தது.

அந்த மத்தியானம் வாயாடியின் போன் கைமாறிக் கடைசியில் என்னிடம் வந்தபோதே அந்தச் சுவரும் நாற்காலியும் யாருடையவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது பாப்பா பலகை முன்னால் உட்கார்ந்து யாருடைய கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் தையல்கார அம்மா எங்க கம்பெனி. என் லைன். எனக்கு முன் மிஷின்."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? முதுக வச்சா?"

"இத்தனை வருஷமா அந்த முதுகுதான பாக்கறேன், பாப்பா. ஹால்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. அந்தக் கருகுற வாசம் வேற சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் தெரியாம இருக்குமா?"

அவள் திரையை அணைத்தாள்.

"அத எடுத்துடலாமான்னு நெனச்சேன் அண்ணி. எல்லாத்தையும் வெட்டறவதானே நான்? அது ஒண்ண வெட்ட மனசு வரல. படத்துலயே அதுதான் உசிரு."

"உங்ககிட்ட ஒரு தடவ போட்டுக் காட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் என்னிடமிருந்து மறைத்தாள். மறைத்ததனால்தான் அது போயிற்று.

காலர் அக்கா வேலைக்கு வராமல் நின்ற பிறகு அவள் வீட்டுக்கு இருவரும் போனோம். வாசலில் வேறு வீட்டுத் துணிகள் காய்ந்தன. ஒரே அறை. கட்டில், ஒரு பழைய தையல் மிஷின், சாப்பிட்டுக் கவிழ்த்த தட்டு. அவள் எங்களை உள்ளே வரச்சொன்னாள், திட்டவில்லை. எனக்குக் கட்டிலைக் காட்டினாள். பாப்பாவுக்கு இருந்த ஒரே நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

பாப்பா பழக்க தோஷத்தில் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கட்டில் முனையும் மிஷின் முனையும் எட்டாத இடமாகச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

காலர் அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள். கட்டில் முனையைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள்.

"நானும் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு அந்த எடத்துலதான் உக்காந்தேன்" என்றாள். "உனக்கும் இருக்கா?"

பாப்பா தலையசைத்தாள்.

"அப்ப அம்மாவுக்கு மாத்திரைன்னது?"

"பொய்க்கா."

காலர் அக்கா நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள். பேசும்போது சத்தம் ஏறவே இல்லை.

"நல்லா இருக்கும்மா. நானும் மறைஞ்சேன், நீயும் மறைஞ்ச. நீ கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்ட. எனக்கு மறையறதுக்கு ஒரு நாற்காலிதான் குடுத்த."

"அக்கா, நான் வேணும்னு..."

"நீ வேணும்னு செய்யல. தெரியும். கெட்டவளா இருந்தா நான் வந்தே இருக்கமாட்டேனே. உன் பேச்ச நம்பினேன் பாரு, அதச் சொல்லு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்தப் புதுப் பொண்ணு காலர் நேரா வைக்குதா?" என்று கேட்டாள்.

"கோணலா போகுதுக்கா" என்றேன். அது நிஜம்தான்.

"போகட்டும்" என்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

திரும்பி வீட்டுக்கு வந்ததும் பாப்பா, ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்திருந்த கேமராவை எடுத்து வைத்தாள். பலகைக்கு எதிரே, வழக்கமாகத் தான் உட்காரும் இடத்துக்கு நேராக அதை நிறுத்தினாள். என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வாசற்படியில் நின்றபடியே, "வேண்டாம் பாப்பா" என்றார்.

"அண்ணே, மத்தவங்கள எல்லாம் வெட்டி எடுத்துட்டேன். ஒரு முதுகுகூட படத்துல இல்ல. படம்னு ஒண்ணு வேணும்னா இனிமே நான்தான் இருக்கேன்."

"ஸ்டூடியோல தெரிஞ்சா?"

"தெரியத்தான் போகுது."

"இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சேனே. யாருக்காக?"

"எனக்காகத்தான்ணே. அந்த அக்காவுக்கு அப்படி வைக்க யாரு இருந்தா? இருந்த ஒரே ஆளு நான். நான் என்ன செஞ்சேன்னு பாத்தல்ல?"

அவர் வெளியே போய்விட்டார். தெருவில் நின்றுகொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பாப்பா என்னிடம், "இந்தப் பொத்தான அமுக்கினாப் போதும் அண்ணி, சிவப்பா எரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நான் அமுக்கினேன். அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். உதட்டை இழுத்து மூடாமல், அந்தப் பாதிப் பல் தெரிய, தனக்கு என்ன இருக்கிறது என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், தலையணை உறையைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையையும் காலையும் அமுக்காதீர்கள், முனைகளைத் தள்ளி வையுங்கள், அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள், சில நிமிஷத்தில் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். கடைசியில், தன்னை நம்பிப் பேசிய ஒருவருக்குத் தன்னால் வேலை போயிற்று என்றும் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அழவில்லை. முடிந்ததும், "அணைச்சிடுங்க அண்ணி" என்றாள். அதுவும் படத்தில் இருக்கிறது. அவள் வெட்டவில்லை.

ஸ்டூடியோ முதலாளி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்யாண வீட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா ஆர்டர் வருமா? நல்ல காரியம் பண்றவங்க ஆயிரம் யோசிப்பாங்க. நீ வீட்டுலயே இருந்து செய். நான் குடுத்தனுப்பறேன். கடைப் பக்கம் வரவேண்டாம்."

"கடை சாவி, சார்?" என்று கேட்டாள்.

அவர் தலை குனிந்துகொண்டு கையை நீட்டினார்.

பேக்கரிக்காரரும் வாத்தியாரும் தங்கள் பங்கை வெட்டிவிட்டதற்கு நன்றி சொன்னார்கள். வேறு யாரும் பேச முன்வரவில்லை. டாக்டர் வீட்டுக்கூடத்தில் மாட்டியிருக்கும் டிவியில் பாப்பாவின் படம் ஓடுகிறது. காத்திருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அவள் வாய் அசைவதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

காலர் அக்கா வீட்டில் அந்தப் பழைய மிஷினில் ரவிக்கை தைக்கிறாள். அக்கம்பக்கத்தில் சிலர் கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. டாக்டரிடம் போகும் நாளை மாற்றிக்கொண்டாள். பாப்பா இரண்டு தடவை ரவிக்கைத் துணியோடு போனாள். காலர் அக்கா துணியை வாங்கி, அளவு எடுத்து, தைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். பாப்பாவோடு பேசவில்லை. ரவிக்கை கச்சிதமாக இருந்தது.

பாப்பா இப்போது வீட்டில் இருந்து கல்யாணங்களை வெட்டுகிறாள். டாக்குமெண்டரி என்று அவள் திட்டமிட்டது முடியவே இல்லை. இருப்பது அவள் பேசின அந்த ஒரு துண்டுதான். எப்போதாவது யார் வீட்டுக்காவது போனால் சுவரோரம் பார்த்துத் தரையில் உட்காருகிறாள். விஷயம் இப்போது ஊருக்கே தெரியும், மேலே உட்காருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. யாரும் நாற்காலியை இழுத்துப் போடுவதில்லை.